மூலைக் கம்பும் மன்னிப்புத் தட்டமும்

ஆக்லாந்தில் நமக்கென்று ஒரு கோயில் இல்லாத எண்பதுகளில், எங்கள் தெய்வங்கள் நியூ லின் பக்கத்து ரக்பி லீக் கிளப் ஒன்றின் மண்டபத்தில், பில்லியர்ட்ஸ் மேசையின்மேல் எழுந்தருளியிருந்தார்கள். மேசைக்கு மேலே ஒரு பலகை, பலகைக்கு மேலே என் மனைவியின் பழைய பட்டுச்சேலை, அதற்கு மேலே பிள்ளையார், முருகன், அம்மன் படங்கள். படங்கள் சரிந்துவிடாமல் கிளப்பின் வெற்றிக் கோப்பைகளை முண்டு கொடுத்திருந்தோம். அந்தக் கோப்பைகளுக்கு அதைவிட வேறு வேலை இருக்கவில்லை. கிளப் கடைசியாக எந்த ஆண்டு வென்றது என்று வாசிப்பதற்கு, கோப்பையைப் புளி போட்டுத் துலக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் முழுவதும் பியர் குடித்த கம்பளத்தை ஞாயிறு காலையில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைப்பார்கள். பிறகு சாம்பிராணி போடுவார்கள். விளையாட்டுக்காரர் உடை மாற்றும் அறைவரைக்கும் சாம்பிராணி மணக்கிறது என்று ஒருமுறை முறையிட்டார்கள். அவர்களுடைய காலுறைகளின் மணத்தைப் பற்றி நாங்கள் ஒருநாளும் முறையிட்டதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

மண்டபம் கிடைத்தது என் ஃபோர்மனால். நகரின் தெற்கே, விரி என்கிற தொழிற்பேட்டையில் நான் வேலை செய்த சாமான் கிட்டங்கியில் அவர் எனக்கு மேலாள். கிளப்புக்கு அவர்தான் காரியதரிசி. மாவோரிக்காரர், கதவளவு ஆள். நியூ லின்னில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்ததால் தன் காரிலேயே என்னை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். சாமி கும்பிட இடமில்லை என்று ஒருநாள் காரில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப்பில் ஒருவரும் எழும்பியிருக்க மாட்டார்கள், மண்டபத்தை எடுத்துப் பாவியுங்கள், கதிரைகளை மட்டும் திரும்ப அடுக்கி வையுங்கள் என்றார். நம்மவர்கள் ஒரு கோயிலுக்கு அத்திவாரம் போட எத்தனை கூட்டம் கூடுவார்கள் என்று தெரிந்தவர்களுக்கு, இந்தக் கோயில் மோட்டர்வேக்கு ஏறுமுன், இரண்டு சிக்னல் விளக்குகளுக்கிடையில் கட்டி முடிந்ததன் அருமை விளங்கும்.

நன்றிக்கடனாகத்தான் நான் அவர்களுடைய ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினேன். பிறகு அது வியாதியானது. விளையாட்டு எளிது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிரணி பிடித்து விழுத்தும், அது டாக்கிள். ஆறு தரம் விழுந்தால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். அதற்கிடையில் எதிர்ப்பக்கத்துக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அதற்குப் பெயர் ட்ரை, அதற்கு நான்கு புள்ளி. கோடு முடிகிற மூலையில் ஒரு கம்பு நட்டிருக்கும். பந்தை வைப்பதற்கு முன் ஓடுகிறவனுடைய உடம்பு அந்தக் கம்பில் பட்டால் அவன் வெளியே போனதாகக் கணக்கு, ட்ரை இல்லை. அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. இந்தக் கம்பைத்தான் நீங்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். எங்களால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

எங்களுக்குப் பூசை செய்தவர் குருக்கள் அல்ல. தீட்சை வாங்கிய, மந்திரம் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். தபாற்கந்தோரில் கடிதம் பிரிக்கிற வேலை. ஊரில் இருபது வருடம் கால்பந்துக்கு லைன்ஸ்மனாக நின்றவர். இங்கே வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. லீக் நடுவர் சங்கத்தில் போய்ப் பரீட்சை எழுதி, கொடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சனிக்கிழமை அரைக்காற்சட்டையோடு கோட்டோரம் ஓடுவார். ஞாயிற்றுக்கிழமை வேட்டியோடு தீபம் காட்டுவார். ஆக்லாந்துக் குளிரில் நடுங்குவதற்கு இரண்டு உடுப்பும் ஒன்றுதான். நாங்கள் எல்லாரும் அவரை லைன்ஸ்மன் அண்ணை என்றே கூப்பிடுவோம்.

இந்தக் கதை நடந்த ஆண்டு நவராத்திரி ஒன்பது நாளும் மண்டபத்திலேயே கும்பம் வைத்துச் செய்வதென்று தீர்மானித்திருந்தோம். விஜயதசமி அன்று என் கடைக்குட்டி மகளுக்கு ஏடு தொடக்க இருந்தது. மற்றவர்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். என் மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவர்கள். நான் படித்தது எட்டாம் வகுப்பு. பிள்ளைகளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு சொத்து இல்லை. இவள் ஒருத்தியாவது சரஸ்வதிக்கு முன்னால், பச்சையரிசியில், மந்திரம் தெரிந்த ஒருவர் விரல் பிடிக்க, அ என்று எழுத வேண்டும் என்று நானும் மனைவியும் நேர்ந்திருந்தோம். அதற்கு மண்டபமும் வேண்டும், லைன்ஸ்மன் அண்ணையும் வேண்டும்.

நவராத்திரிக்கு முந்திய கிழமை சனிக்கிழமைதான் கிளப்பின் இரண்டாம் தர அணிக்கு இறுதியாட்டம். கோட்டில் கொடியோடு யார் நின்றார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆட்டம் முழுவதையும் சொல்லி உங்களைக் கொல்ல மாட்டேன். முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது நாங்கள் இரண்டு புள்ளி பின்னால் நின்றோம். ஐந்து தரம் விழுந்தாகிவிட்டது. இனி ஒரு தரம்தான். பந்து கைமாறிக் கைமாறி ஓரத்துக்கு வந்தது. ஓரத்தில் ஓடுகிற பெடியன் அதை வாங்கிக்கொண்டு மூலையை நோக்கிப் பறந்தான். எதிரணியார் இரண்டு பேர் அவனுடைய இடுப்பில் தொங்கினார்கள். அண்ணையை விட்டால் அந்த மூலைக்கு மிகக் கிட்ட நின்ற தமிழன் நான்தான். கையை நீட்டினால் கம்பைத் தொட்டிருப்பேன். அப்படிப்பட்ட இடத்தில், அப்படிப்பட்ட நேரத்தில், பிள்ளையாரே என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கம்பு விழுந்து கிடந்தது. பெடியன் பந்தோடு கோட்டுக்கு அப்பால் கிடந்தான். லைன்ஸ்மன் அண்ணை கொடியை உயர்த்திக்கொண்டு, பூசையில் பஞ்சாராத்தி காட்டும்போது இருக்கிற அதே முகத்தோடு நின்றார். ரெஃபரி கொடியைப் பார்த்தார், ட்ரை இல்லை என்று கையை ஆட்டினார். தோற்றோம்.

மறுநாள் பூசைக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். எல்லாருக்கும் திடீரென்று பக்தி வந்துவிட்டது. தலையைக் குனிந்து லைன்ஸ்மன் அண்ணையிடம் திருநீறு வாங்கினார்கள். வாங்கி இரண்டடி தள்ளிப் போனதும் அவரைத் திட்டினார்கள். நெற்றியில் இருந்தது அவர் பூசிவிட்ட திருநீறு என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நடந்த வாதத்தை ஒரு நீதிமன்றம் கேட்டிருந்தால் கலைந்து போயிருக்கும். எங்கள் சபையின் தலைவர் மலேசியாவில் இருந்து வந்த கணக்காளர். சந்தேகம் வந்தால் அதன் பலன் தாக்குகிற பக்கத்துக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் கட்சி. சட்டப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்றார். அதோடு நில்லாமல், பெடியனிடம் பந்தைக் கொடுத்ததே பிழை, கம்பங்களுக்கு நடுவே காலால் உதைத்து ஒரு புள்ளி எடுத்திருக்க வேண்டும் என்று உத்தியும் சொன்னார். இரண்டு புள்ளி பின்னால் நிற்கும்போது ஒரு புள்ளி எடுத்து என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் படித்தவர், தலைவர், அன்றைக்கு வடை உபயமும் அவருடையது.

தமிழ்நாட்டு எஞ்சினியர் ஒருவர் இருந்தார். அவருக்கு எல்லாமே விஞ்ஞானம். குத்துவிளக்கைத் தூக்கி மூலைக் கம்பாக நிறுத்தப் போனார். என் மனைவி பார்த்த பார்வையில் அதை வைத்துவிட்டு, கூட்டுகிற தும்புத்தடியை நிறுத்தினார். ஒரு வடையைப் பந்தாக எடுத்தார்.

"இதப் பாருங்க சார். காத்து மேற்கேருந்து அடிக்குது. கம்பு இந்தப் பக்கம்தான் சாய்ஞ்சிருக்கணும். ஆனா அந்தப் பக்கம் விழுந்திருக்கு. அப்போ கை பட்டு விழுந்திச்சா, காத்துல விழுந்திச்சா, அதப் பேசுங்க."

அதைப் பேசினார்கள். வடை ஐந்தாறு தரம் கோட்டைத் தாண்டியது. காற்று, ஈரத் தரை, பெடியனுடைய முழங்கை, ரெஃபரி நின்ற தூரம், ரெஃபரியின் மூக்குக் கண்ணாடி எல்லாம் வந்தன. ரெஃபரி கண்ணாடி போடுகிறவரே இல்லை. அதுதான் பிழை என்றார்கள். கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மூலையில் நின்றது நான்தானே. நான் கண்டதைச் சொல்லட்டும்.

நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. கோயில்காரன் தப்பப் பார்க்கிறான் என்றார்கள். அது, கோயில் என்று சொல்கிற இடத்தில் ஒரு கோயில்காரனுக்குக் கிடைத்த மரியாதை.

லைன்ஸ்மன் அண்ணையிடமும் யாரோ கேட்டார்கள். அவர் கையில் இருந்த தட்டை வைக்காமலே சொன்னார்.

"கம்பு முதல். பந்து பிறகு."

அவ்வளவுதான். சாப்பிட்டு, பூசைப் பாத்திரங்களைக் கழுவி, கதிரைகளை அடுக்கிவிட்டுப் போய்விட்டார். வாதம் செய்தவர்கள் ஒருவரும் ஒரு கதிரையும் அடுக்கவில்லை.

அவர் போனபிறகுதான் தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, கிளப்காரன் சாவியத் திருப்பிக் கேட்டா என்னா செய்வீங்க? நம்ம ஆளு கொடியத் தூக்கி அவங்க கப்பு போச்சு. அவங்க மண்டபத்துலயே நாம நவராத்திரி கொண்டாடுவோமாம்லா."

எல்லாரும் வடையை வைத்துவிட்டார்கள். நானும் வைத்துவிட்டேன். ஏனென்று சொன்னால்தான் விளங்கும். இலங்கையில் எங்கள் ஊரில் ஒரு கால்பந்தாட்டத்தில் கோல் கொடுக்காமல் விட்டதற்காக இரண்டு கிராமத்துக்கிடையில் நிச்சயித்த கலியாணம் நின்றிருக்கிறது. கோயில் கிணற்றில் தண்ணீர் அள்ளவிடாமல் மறித்திருக்கிறார்கள். தேர் வடத்தை இந்தத் தெருவார் தொடக்கூடாது என்று தகராறாகிப் பொலிசு வந்து நின்றிருக்கிறது. ஆட்டத்தில் வந்த கோபம் கோயிலுக்குத்தான் போகும், வேறெங்கே போகும்? தலைவர் வந்த மலேசியத் தோட்டப் பக்கத்திலும், எஞ்சினியருடைய ஊரிலும் இதே ஒழுங்குதான் என்றார்கள். இத்தனை கடல் தாண்டி வந்தவர்கள் மூன்று நாட்டு அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தோம். சாவி போய்விடும் என்பதில் மட்டும் அன்றைக்கு ஒருவரும் வாதாடவில்லை.

ஆகவே மன்னிப்புக் கேட்பது என்று முடிவாயிற்று. லைன்ஸ்மன் அண்ணைக்குச் சொல்லாமல் அவருக்காகக் கேட்பதுதான் அவருக்கு மரியாதை என்றும் முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், கிளப்பார் கூடுகிற நேரம் பார்த்து, தலைவர், எஞ்சினியர், நான் மூன்று பேரும் தட்டத்தோடு போனோம். நல்ல காரியத்துக்கும் கெட்ட காரியத்துக்கும் பெரியவர்களைக் காணத் தட்டத்தோடு போவதுதானே முறை. வெற்றிலை கிடைக்காத ஊர். தேங்காய், வாழைப்பழம், தோடம்பழம், பூ, வெற்றிலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கற் பிஸ்கற்.

உள்ளே கிளப்பாரும் அதே ஆட்டத்தைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளனைத் திட்டினார்கள், முதல் பாதியில் பந்தை நழுவவிட்டவனைத் திட்டினார்கள், ஒருவன் மழையைத் திட்டினான். எங்களைக் கண்டதும் அமைதியானார்கள். மூன்று பேர், தோய்த்து மடித்த சேட்டு, துக்க முகம், கையில் பழம். ஃபோர்மன் எழும்பி வந்து தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, தன் பாஷையில் நின்றபடி ஒரு வரவேற்புப் பேசினார். மற்றவர்களும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றார்கள். முறை தெரிந்த மனிதர். முறை தெரிந்தவரிடம் போனதுதான் எங்களுக்கு வினையாயிற்று. ஏனென்றால் அவர் நாங்கள் சொல்லப் போவதை ஒரு சொல் விடாமல் நம்பத் தயாராக நின்றார்.

தலைவர் பேசினார். நல்ல இங்கிலீஷ். சனிக்கிழமை நடந்தது எங்கள் ஆளின் பிழை, எங்கள் எல்லாருடைய பிழை, பெரியமனதோடு மன்னிக்க வேண்டும் என்றார். நம்மிடையே இதற்கு என்ன பொருள்? ஒரு பொருளும் இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பாடு சரியில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வோமே, அதுதான். சாப்பாடு சரியில்லை என்று நாங்கள் நினைக்கவும் இல்லை, வந்தவர் நினைத்தால் விடவும் மாட்டோம்.

ஃபோர்மன் மெதுவாகக் கேட்டார், அப்படியென்றால் கம்பு முதலில் விழவில்லை என்று உங்கள் ஆள் ஒத்துக்கொண்டாரா என்று. தலைவர் என்னைப் பார்த்தார். நான் எஞ்சினியரைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் மறுத்துப் பேசுவது அழகா? பிழைதான், பிழைதான் என்று தலைவர் இன்னும் இரண்டு தரம் சொன்னார். சொன்ன பெருமையோடு வீட்டுக்கு வந்து படுத்தோம்.

வியாழக்கிழமை பின்னேரம் லைன்ஸ்மன் அண்ணை என் வீட்டு வாசலில் நின்றார். ஒரு பெட்டிக்குள் மணி, பஞ்சாராத்தி, கற்பூரத் தட்டு, திருநீற்று மடல் எல்லாம் இருந்தன. உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை. கிளப் முறைப்பாடு கொடுக்கப் போகிறதாம். அவருடைய ஆட்களே அவர் பிழையென்று சொல்லியிருக்கிறார்களாம். நடுவர் சங்கத்தில் இருந்து தொலைபேசியில் கேட்டார்களாம்.

"தம்பி, நீங்கள் மூண்டு பேரும் போய் நான் பிழை விட்டனெண்டு சொன்னியளோ?"

"இல்லை அண்ணை, சும்மா ஒரு மரியாதைக்கு..."

"மரியாதை ஆருக்கு?"

 மண்டபம் போய்விடும் என்ற பயத்தில் செய்தது என்றேன். மகளுக்கு ஏடு தொடக்குகிறதையும் சொன்னேன். அவர் பெட்டியைக் கதவடியில் வைத்தார்.

"மண்டபத்தை வைச்சிருங்கோ. நான் கண்டதைக் காணேல்லை எண்டு சொல்லி வாங்கின இடத்திலை நிண்டு நான் மணி அடிக்க மாட்டன்."

இப்படியாக எங்கள் சபை தன் ராசதந்திரத்தால், போகாத மண்டபத்தைக் காப்பாற்றி, இருந்த பூசகரைத் தொலைத்தது. தலைவருக்குச் செய்தி சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, லைன்ஸ்மன் அண்ணையிடம் போய் ஒரு மன்னிப்புக் கேட்டால் என்ன என்றார். கிளப்பார் திருப்பிக் கொடுத்த தட்டம் தலைவரிடமே இருந்தது.

என் மனைவி பெட்டியைக் கொண்டுபோய்ச் சாமி அறையில் வைத்தாள். பிறகு என்னிடம் வந்தாள். "கேட்ட மன்னிப்பைப் போய்த் திருப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ," என்றாள்.

மன்னிப்புக் கேட்பதற்கு வழி எங்களுக்குத் தெரியும். கேட்டதைத் திருப்பி வாங்குவதற்கு என்ன தட்டம் கொண்டு போவது? வெள்ளிக்கிழமை காலை வெறுங்கையோடு ஃபோர்மனின் காரில் ஏறினேன். மழை. துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. என் இங்கிலீஷும் அப்படித்தான். நாங்கள் சொன்னது சாட்சி இல்லை, அது எங்கள் வழக்கம் என்றேன். எங்கள் ஆள் பிழையென்று ஒத்துக்கொள்ளவில்லை, அவருக்கு நாங்கள் வந்ததே தெரியாது என்றேன்.

 அவர் பாதையைப் பார்த்தபடியே, நீ அந்த மூலையில்தானே நின்றாய், நீ என்ன கண்டாய் என்று கேட்டார்.

நான் காணவில்லை, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றேன்.

அவர் காரின் வேகத்தைக் குறைத்துவிட்டார். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. மன்னிப்பு, முறைப்பாடு, எங்கள் தலைவரின் பொய் எதுவும் அவரை அவ்வளவு தாக்கவில்லை.

"கடைசி டாக்கிளில், கோட்டுக்கு ஒரு அடி இருக்கும்போது, கண்ணை மூடினாயா?"

ஆமாம் என்றேன். வாழ்நாளில் இப்படி ஒரு ஆதரவாளனைக் கண்டதில்லை என்றார். விரி வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சாமான் கிட்டங்கிக்கு முன்னால் காரை நிறுத்தியபிறகுதான் மற்றதைச் சொன்னார். அந்தப் பெடியன் அன்றைக்கே குளிக்கும்போது சொன்னானாம், பந்தை வைக்கு முன்னமே கம்பு விலாவில் குத்தியதென்று. அவருக்கும் உள்ளுக்குள் தெரியுமாம். ஆனால் மூன்று கனவான்கள் பழத்தோடு வந்து பிழைதான் பிழைதான் என்று சொன்னால் ஒரு காரியதரிசி என்ன செய்வான்? முறைப்பாடு இன்னும் வாயளவில்தான் இருக்கிறது, அதை விட்டுவிடலாம் என்றார்.

மண்டபம் என்று இழுத்தேன். மண்டபத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். உண்மையாகவே விளங்காமல் கேட்டார். கிணறு, தேர்வடம், கலியாணம் எல்லாம் சொல்லி விளங்கப்படுத்த எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றுமில்லை என்று இறங்கிப் போய்விட்டேன். பெட்டிகளுக்கு நடுவில் நின்று கொஞ்சம் அழுதேன். அம்மன் எங்களுக்கு ஒருநாளும் கதவை மூடவில்லை. நாங்கள்தான் வெளியே நின்று பூட்டைத் தேடிக்கொண்டிருந்தோம்.

நவராத்திரி முதல் நாள் பின்னேரம் கும்பம் வைத்தாயிற்று. நெல் பரப்பி, மாவிலை இல்லாத ஊரில் எலுமிச்சை இலை சொருகி, பெண்கள் வடிவாகச் செய்திருந்தார்கள். மணியும் தட்டும் பெட்டியோடு என்னிடம். லைன்ஸ்மன் அண்ணையின் வீட்டுக்கு முந்தின நாளும் போய்க் கூப்பிட்டேன். பார்ப்பம் என்று மட்டும் சொன்னவர். அவர் வராவிட்டால் நான்தான் தீபம் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரு பதிகம், அதிலும் பாதி. மனைவி என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

வாசலில் சண்டைச் சத்தம் கேட்டது. ஃபோர்மனின் கார். உள்ளே இருந்து ஃபோர்மனும் லைன்ஸ்மன் அண்ணையும் இறங்கினார்கள். இருவரும் கையை ஆட்டிக்கொண்டு, ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்காமல் வந்தார்கள். ஃபோர்மன் அண்ணையின் வீட்டுக்கே போய், முறைப்பாடு இல்லை, உன்மேல் ஒரு குறையும் இல்லை என்று சொன்னாராம். அத்தோடு விட்டிருக்கலாம். லீக்காரனுக்கு அத்தோடு விடத் தெரியுமா? கம்பு சரி, ஆனால் முதல் பாதியில் எதிரணி சட்டத்தை மீறி முன்பக்கமாகப் போட்ட பந்தை ஏன் கண்டுகொள்ளாமல் விட்டாய் என்று கேட்டிருக்கிறார். அந்த வழக்கு வீட்டு வாசலில் தொடங்கி, கார் ஏறி, கும்பத்துக்கு முன்னால்வரை வந்திருந்தது. முன்பக்கம் போட்ட பந்துக்குக் கொடி காட்டுவது லைன்ஸ்மனின் வேலையே அல்ல, அது ரெஃபரியின் கண் என்று அண்ணை சப்பாத்தைக் கழற்றியபடி இங்கிலீஷில் சொன்னார். ஃபோர்மன் தன் பெரிய சப்பாத்தைக் கழற்றியபடி அதை மறுத்தார்.

கை கால் கழுவி, வேட்டி மாற்றி வந்த அண்ணைக்கு முன்னால் எங்கள் தலைவர் போய் நின்றார். இரண்டு கையையும் கூப்பினார். வாயைத் திறந்தார்.

"வேண்டாம் ஐயா," என்றார் அண்ணை. "நீங்கள் மன்னிப்புக் கேட்டால், பிறகு அதுக்கு ஆர் போய் மன்னிப்புக் கேக்கிறது?"

சிரிக்கவில்லை. மணியை எடுத்தார். பூசை தொடங்கியது.

ஒன்பது நாளும் குறைவில்லாமல் நடந்தது. பத்தாம் நாள் என் மகளை மடியில் இருத்தினார். தாம்பாளத்தில் பச்சையரிசி. விரலைப் பிடித்து மந்திரம் சொல்லி அ எழுதுவித்தார். பிறகு விரலை விட்டு, நீயாக ஒருக்கால் எழுது என்றார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். கடைசிக் கோட்டை இழுத்த இழுப்பில் அரிசி தாம்பாளத்தின் விளிம்பைத் தாண்டி, கீழே விரித்திருந்த சேலையில் சிந்தியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கூட்டம் ஆகா என்றது. தலைவர் கைதட்டினார்.

அண்ணை அரிசியைப் பரவினார்.

"வெளியிலை போயிட்டுது, பிள்ளை. திருப்பி எழுது."

நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். மனைவி என் கையைக் கிள்ளினாள். மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இங்கிலீஷில் ஏதோ சொல்லப் போனவள் சொல்லாமல் குனிந்து, இன்னும் மெதுவாக, தாம்பாளத்துக்குள்ளேயே எழுதினாள். அண்ணை தலையசைத்து அவளுடைய நெற்றியில் திருநீறு பூசினார். நான் அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டேன். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

பின்னால் நின்ற ஃபோர்மன் என்ன நடந்தது என்று எஞ்சினியரைக் கேட்டார். எஞ்சினியர் விளங்கப்படுத்தினார். எழுத்து முடிந்தபிறகுதானே அரிசி வெளியே போனது, ஆகவே முதலாவது செல்லும் என்றார் ஃபோர்மன். இல்லை, கோடு முடியும் முன்பே போய்விட்டது என்றார் எஞ்சினியர். தலைவரும் வந்து சேர்ந்தார். சுண்டல் முடியும்வரை இரண்டு கட்சியாக நின்று கதைத்தார்கள். கதிரைகளை நானும் அண்ணையும் அடுக்கினோம்.